கணினி சொன்ன கணக்கு சரிதானா?

பட்டப்படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளையிடம், "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "டேட்டா அனலிடிக்ஸ் படிக்கப் போகிறேன்" என்னும் விடை இன்று நம் ஊர்களில் பரவலாகக் காதில் விழுகிறது. ஒரு காலத்தில் டைப்ரைட்டிங்; பிறகு கம்ப்யூட்டர் கோர்ஸ்; இப்போது இது. தந்தையார் வளைகுடாவிலிருந்து அனுப்பும் பணத்தைக் கொண்டோ, தாயாரின் வளையலை அடகு வைத்தோ பயிற்சிக் கட்டணம் செலுத்தப்படுகிறது. ஆயினும் பிள்ளை கற்கப்போவது என்ன வேலை என்பது கட்டணம் செலுத்துவோருக்கு விளங்குவதில்லை. விளங்கத் தொடங்கும் தறுவாயில், "அந்த வேலையையெல்லாம் இப்போது ஏ.ஐ.யே செய்துவிடுகிறதாமே!" என்னும் செய்தியும் வந்து சேர்ந்து வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

இச்செய்தியில் உண்மை எவ்வளவு? செயற்கை அறிவு உதவியாளர்கள் எனப்படும் சாட் ஜி.பி.டி., கிளாட், ஜெமினி, கோபைலட் முதலானவை இந்த வேலையில் எதைச் செய்கின்றன? எங்கே சறுக்குகின்றன? பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இதில் பல உள்ளன. கம்ப்யூட்டர் மொழி அறியாதவருக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறோம். அறிந்தவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

இது என்ன வேலை?

ஓர் ஊருக்குக் குடிநீர் வருவதை எண்ணிக்கொள்ளுங்கள். ஆற்றிலிருந்தும் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்தும் நீரை ஏற்றி, வடிகட்டி, மேல்நிலைத் தொட்டியில் சேர்த்து, தெருக்குழாய் வரை கொண்டுவருவோர் ஒரு சாரார். அந்நீரைப் பிடித்துச் சென்று சமைத்துப் பரிமாறுவோர் மறுசாரார். டேட்டா வேலையும் ஏறத்தாழ இவ்வாறே பிரிந்து நிற்கிறது. பெரிய வணிக நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பில்கள் ஓரிடத்தில் பதிவாகின்றன. சரக்கு இருப்பு வேறோரிடத்தில். வாடிக்கையாளரின் பெயர், முகவரி மற்றோரிடத்தில். இவற்றையெல்லாம் நாள்தோறும் எடுத்து, பிழை களைந்து, ஒரே வடிவத்திற்குக் கொணர்ந்து, ஒரு பொதுக் கிடங்கில் சேர்ப்பவர் டேட்டா எஞ்சினியர். அக்கிடங்கிலிருந்து முதலாளி கேட்கும் கேள்விக்கு விடை எடுத்துத் தருபவர் டேட்டா அனலிஸ்ட். எந்தக் கிளையில் நட்டம்? எந்தச் சரக்கு தேங்குகிறது? பழைய வாடிக்கையாளர்கள் வருவதை ஏன் நிறுத்தினர்? கடைத்தெருவில் பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டைப் புரட்டிச் சொன்ன விடைகளே இவை. பேரேடு மட்டும் பெரிதாகிவிட்டது.

அந்தப் பெரிய பேரேட்டிடம் கேள்வி கேட்பதற்கென ஒரு மொழி உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர், விவரங்களை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக அமைத்து வைக்கும் முறையை 1970-ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அவ்வட்டவணைகளிடம் கேள்வி கேட்கும் மொழியை அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974-இல் வெளியிட்டனர். 'சீக்வெல்' என்பது அதன் முதற்பெயர், பின்னாளில் எஸ்.க்யூ.எல். ஆயிற்று. அவ்விருவரின் எண்ணம் யாதெனில், கணக்கர், நகரமைப்பாளர் போன்ற, கம்ப்யூட்டர் வல்லுநர் அல்லாதோரும் தாமே கேள்வி கேட்டு விடை பெறவேண்டும் என்பதாகும். நடந்ததோ வேறு. எளியோருக்கென்று வகுத்த மொழியைக் கற்பதே ஒரு தனித்தொழிலாகிவிட்டது!

அரை நூற்றாண்டு கழித்து, செயற்கை அறிவு உதவியாளர்கள் அந்தப் பழைய விருப்பத்தையே மீண்டும் கையிலெடுத்து வந்திருக்கின்றன. "நீங்கள் சாதாரணப் பேச்சில் கேளுங்கள், எஸ்.க்யூ.எல். வரிகளை நான் எழுதித் தருகிறேன்" என்கின்றன. 2021-இல் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வெளிவந்தது; 2022 நவம்பர் இறுதியில் சாட் ஜி.பி.டி. வந்தது. அதன்பின் இத்தொழிலில் உள்ளோர் மேசைகளில் இத்தகைய உதவியாளர் ஒன்று இடம்பிடித்துக்கொண்டது.

உதவி மெய்யானதே என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் எவரோ எழுதிவைத்துவிட்டு வேலையை விட்டுப் போன நூற்றுக்கணக்கான வரிகளைக் கொடுத்து, "இது என்ன செய்கிறது?" என்று கேட்டால், நொடிகளில் விளக்கம் வருகிறது. ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்திற்காக எழுதியதை மற்றொன்றுக்கு ஏற்ப மாற்றுவது, காரணம் புரியாத பிழைச் செய்திக்குப் பொருள் சொல்வது, அலுப்பூட்டும் சரிபார்ப்பு வரிகளை எழுதுவது போன்றவற்றில் அரைநாள் வேலை அரைமணியில் முடிந்துவிடுவதுண்டு. சிற்றூரில் அமர்ந்து தனியே கற்கும் ஒரு மாணவிக்கு, அலுக்காமல் பத்து முறை விளக்கம் சொல்லும் ஆசிரியர் கிடைத்தது போன்றது இது. இதனை எள்ளி ஒதுக்குவது அறிவுடைமையாகாது.

ஒரு துணிக்கடைக் கணக்கு

இனிச் சறுக்கும் இடத்திற்கு வருவோம். இதனை உணர்வதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். கடையில் மூன்றே பில்கள். 101-ஆம் எண் பில் ரூ. 6,000, வாங்கியவர் மூன்று தவணைகளில் தலா ரூ. 2,000 செலுத்தினார். 102-ஆம் எண் பில் ரூ. 4,000, ஒரே முறையில் செலுத்தப்பட்டது. 103-ஆம் எண் பில் ரூ. 5,000, கடன். இன்னும் ஒரு காசும் வரவில்லை. மொத்த விற்பனை ரூ. 15,000 என்பதைச் சிறுவனும் சொல்லிவிடுவான்.

கம்ப்யூட்டரில் இவை இரண்டு அட்டவணைகளாக இருக்கும். பில்களின் அட்டவணையில் மூன்று வரிசைகள்; வரவுகளின் அட்டவணையில் நான்கு வரிசைகள். ரொக்கமா, ஜி.பே.யா, வங்கி வழியா என்பது வரவு அட்டவணையில்தான் இருக்கிறது. இப்போது முதலாளி கேட்கிறார்: "விற்பனை மொத்தம் எவ்வளவு? எந்த வழியில் பணம் வந்தது என்றும் பிரித்துக் காட்டு." உதவியாளர் உடனே இரண்டு அட்டவணைகளையும் பில் எண்ணைக் கொண்டு இணைத்து, பில் தொகையைக் கூட்டும் வரிகளை எழுதித் தந்துவிடலாம். பார்வைக்கு அது குற்றமற்ற எஸ்.க்யூ.எல். ஓட்டினால் ஓடும். ஆனால் நிகழ்வது என்ன?

101-ஆம் பில்லுக்கு மூன்று வரவுகள் இருப்பதால், இணைத்த அட்டவணையில் அந்தப் பில் மூன்று முறை வந்து நிற்கும். அதன் ரூ. 6,000 என்பது ரூ. 18,000 ஆகிவிடும். 103-ஆம் பில்லுக்கு வரவே இல்லாததால், இணைப்பில் அது காணாமற்போகும். ஆக, 18,000-உடன் 4,000 சேர்ந்து ரூ. 22,000 என்று விடை வரும். மூன்று பில்கள் உள்ள கடையில் இப்பிழை உடனே கண்ணில் பட்டுவிடும். மூன்று இலட்சம் பில்கள் உள்ள நிறுவனத்தில்? ஒருபுறம் மிகை, மறுபுறம் குறை. இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, நம்பத்தக்க ஒரு தொகையாக வந்து நிற்கும். வண்ண வரைபடமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இப்பிழை செயற்கை அறிவுக்கே உரியதன்று. மனிதர்களும் நெடுங்காலமாகச் செய்துவரும் பிழைதான். தேர்ந்த உதவியாளர்கள் பலமுறை இதைத் தாமே கண்டு தவிர்த்தும் விடுகின்றன. வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. மனிதர் தாமே எழுதும்போது, ஒவ்வொரு வரியிலும் தயங்கித் தயங்கி, "இந்த அட்டவணையில் ஒரு வரிசை என்றால் ஒரு பில்லா, ஒரு வரவா?" என்று எண்ணிப் பார்க்க நேர்கிறது. உதவியாளர் எழுதித் தரும்போது அந்தத் தயக்கமே இல்லாமல் விடை வந்துவிடுகிறது. அதுவும் எத்தகைய உறுதியான குரலில்!

இலக்கணப் பிழை இருந்தால் கம்ப்யூட்டர் ஓட மறுத்துச் சிவப்பெழுத்தில் சொல்லிவிடும். பொருட்பிழை இருந்தால் அது வாய் திறவாது. இந்த வேறுபாடு பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிட்டால், கட்டிய கட்டணத்தில் பாதி ஈடேறிவிட்டது எனலாம்.

தேர்வுக்கூடமும் தொழிற்கூடமும்

சாதாரணக் கேள்வியை எஸ்.க்யூ.எல். வரிகளாக மாற்றும் திறனை அளப்பதற்கென ஆய்வாளர்கள் தேர்வுகள் வகுத்துள்ளனர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட 'ஸ்பைடர்' என்னும் தேர்வில் 200 தரவுத்தளங்களும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கேள்விகளும் இருந்தன. சில ஆண்டுகளில் கருவிகள் அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் வாங்கத் தொடங்கின. 2023-இல், அழுக்குப் படிந்த உண்மையான விவரங்களைக் கொண்டு 'பேர்ட்' என்னும் கடினமான தேர்வு வந்தது. மனிதர்கள் அதில் சுமார் 93 விழுக்காடு பெற, அன்றைய சிறந்த கருவியான ஜி.பி.டி.-4 சுமார் 55 விழுக்காடே பெற்றது. 2024 இறுதியில் 'ஸ்பைடர் 2.0' வந்தது. நிறுவனங்களில் மெய்யாகவே உள்ளதைப் போன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பத்திகளைக் கொண்ட தரவுத்தளங்களும் 632 பணிகளும் அதில் இருந்தன. முதல் தேர்வில் 90-ஐத் தாண்டிய அதே வகைக் கருவிகள், இதில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே வெற்றி கண்டன. அதன்பின் வந்த கருவிகள் மேலும் முன்னேறியுள்ளன. இன்னும் முன்னேறும் என்பதிலும் ஐயமில்லை.

எனினும் ஏன் அந்தச் சரிவு? காரணம் கணிதத்தில் இல்லை. நிறுவனங்களின் அட்டவணைகளில் உள்ளவற்றின் பொருள் அட்டவணையில் எழுதப்பட்டிருப்பதில்லை. 'நிலை 3' என்றால் திரும்பி வந்த சரக்கு என்பது கிடங்குப் பொறுப்பாளருக்கு மட்டும் தெரியும். 'தொகை 1' வரியுடன் கூடியது, 'தொகை 2' வரி நீங்கியது என்பது எட்டாண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவருக்குத் தெரியும். வெளிநாட்டுக் கிளையின் நேரமும் நம் நேரமும் வேறானதால் நள்ளிரவு விற்பனை எந்த நாளில் சேர வேண்டும் என்பது ஒரு கூட்டத்தில் வாய்மொழியாக முடிவானதாக இருக்கும். இவை எதையும் உதவியாளர் காணவில்லை. காணாததை ஊகிக்கிறது.

நமக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்வோம். நம்மவர் மிகுதியாக வாழும் பகுதியில் உள்ள ஒரு ஜவுளிக்கடையின் உரிமையாளர், 2024 ஏப்ரல் விற்பனையையும் 2025 ஏப்ரல் விற்பனையையும் ஒப்பிட்டுத் தரும்படி உதவியாளரைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025-இல் விற்பனை பெரிதும் விழுந்துவிட்டதாக விடை வரும். கூட்டல் கழித்தல் யாவும் சரியே. ஆனால் நோன்புப் பெருநாள் 2024-இல் ஏப்ரல் 11 அன்று வந்தது. 2025-இல் மார்ச் 31 அன்றே வந்துவிட்டது. பெருநாள் துணி வாங்கும் கூட்டம் முழுவதும் மார்ச்சுக்குப் போயிற்று. பிறைக் கணக்கு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி நகரும் என்பது உதவியாளருக்குத் தெரியாததன்று. கேட்டால் ஒரு கட்டுரையே எழுதித் தரும். ஆனால் இந்தக் கடையின் விற்பனை பெருநாளை நம்பியது என்பது அதற்குத் தெரியாது. கடையில் நின்று துணி கிழித்துக் கொடுத்த பிள்ளைக்குத் தெரியும். விற்பனை விழுந்தது என்று நம்பி முதலாளி இரண்டு பணியாளர்களை நிறுத்திவிட்டால், அது அட்டவணைப் பிழையோடு நின்றுவிடுகிறதா?

பிழையின் விலை

கணக்கில் நேரும் பொருட்பிழை மனிதரை எவ்வாறு தாக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதில் இன்றைய செயற்கை அறிவு உதவியாளர்களுக்குப் பங்கில்லை. சாதாரணக் கணினி நிரல்தான். அங்கே வேலையற்றோர், மாணவர் முதலியோருக்கு அரசு உதவித்தொகை இரு வாரங்களுக்கு ஒருமுறை கணக்கிட்டுத் தரப்படுகிறது. மிகையாகப் பெற்றவர்களைக் கண்டுபிடிக்க, வரித்துறையிடமிருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து, அதனை 26 இருவாரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டு ஒப்பிடும் முறையை 2015, 2016 ஆண்டுகளில் கொண்டுவந்தனர். மக்கள் அதற்கு 'ரோபோடெட்' என்று பெயரிட்டனர்.

எண்ணிப் பாருங்கள். ஒரு மாணவர் விடுமுறையில் பத்து இருவாரங்கள் வேலை செய்து, ஒவ்வொன்றிலும் 1,300 டாலர் வீதம் 13,000 டாலர் ஈட்டினார். மீதி 16 இருவாரங்கள் வருமானமின்றி உதவித்தொகை பெற்றார். இதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் 500. அவர் வேலையின்றி இருந்த நாட்களிலும் 500 டாலர் ஈட்டியதாகக் கணினி முடிவு கட்டி, "பொய் சொல்லி உதவி பெற்றீர், திருப்பிக் கட்டும்" என்று கடிதம் அனுப்பும். வகுத்தல் சரி. வகுத்ததற்குப் பொருளில்லை. 2019-இல் இம்முறை சட்டத்திற்கு மாறானது என்று நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. 2020-இல், 4,70,000 கடன்களின்பேரில் பெற்ற சுமார் 72 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2023-இல் வெளிவந்த விசாரணை ஆணைய அறிக்கை, இம்முறையால் நொந்துபோன குடும்பங்களின் துயரங்களையும் உயிரிழப்புகளையும் பதிவு செய்தது.

பெயர்கள் படும் பாடு

பொருள் தெரியாமல் கணக்குப் போடுவதால் நம்மவர்க்கு மிக அருகில் வந்து நிற்கும் தொல்லை, பெயர்களைப் பற்றியது. உலகத் தரவுத்தளங்கள் பலவும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு பத்திகளோடு அமைகின்றன. நமக்கோ குடும்பப்பெயர் என்பதே பெரும்பாலும் இல்லை. தந்தையாரின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கிறது. அதனால் எஸ். முகம்மது இஸ்மாயில் என்பவர், வங்கியில் முகம்மது இஸ்மாயில் எஸ். என்றும், கடவுச்சீட்டில் ஷேக் முகம்மது இஸ்மாயில் என்றும், கம்பெனியில் இஸ்மாயில் முகம்மது என்றும் நான்கு மனிதராகப் பிரிந்து நிற்கிறார். ஆங்கிலத்தில் முகம்மது என்னும் ஒரு பெயருக்கே எத்தனை எழுத்துக்கூட்டல்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளோர் சுற்றுலா விசாவில் வர இயலாது என்று அறிவித்து, பின்னர் தந்தை பெயர் வேறு பக்கத்தில் இருந்தால் போதும் எனத் தளர்த்தியது. ஒரு வெற்றுப் பத்தி எத்தனை பயணங்களைத் தடுக்க வல்லது என்பதை அப்போது பலர் உணர்ந்தனர்.

இத்தகைய பட்டியலை உதவியாளரிடம் கொடுத்து, "ஒரே ஆள் இருமுறை வந்திருந்தால் நீக்கிவிடு" என்று சொன்னால், பெயர்களின் ஒற்றுமையை அளந்து நீக்கும் வரிகள் மறுகணமே வந்துவிடும். ஒரே தெருவில் வசிக்கும் இரு வேறு அப்துல் காதர்கள் ஒருவராகிவிடுவர். மேற்சொன்ன ஒரே இஸ்மாயில் நால்வராகவே நீடிப்பார். கடைத் தள்ளுபடிச் செய்தி அனுப்பும் பட்டியல் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். கல்வி உதவித்தொகைப் பட்டியலோ மருத்துவமனைப் பதிவேடோ ஆனால்? ஆகவே பெயரை மட்டும் கொண்டு இணைக்காதே, பிறந்த நாளையும் தந்தை பெயரையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்துப் பார், ஐயமுள்ளவற்றை நீக்காமல் தனியே எடுத்து வை என்று சொல்வதற்கு நம் பெயர்களின் வழக்கை அறிந்த ஒருவர் அங்கே அமர்ந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளைவிட இதற்குத் தகுதியானவர் யார்?

சாவி யார் கையில்?

உதவியாளர்கள் இப்போது வரிகளை எழுதித் தருவதோடு நிற்பதில்லை. அனுமதித்தால் தாமே ஓட்டவும் செய்கின்றன. 2025 ஜூலையில் அமெரிக்காவில் ஜேசன் லெம்கின் என்னும் தொழில்முனைவர், ரெப்ளிட் என்னும் தளத்தின் செயற்கை அறிவு உதவியாளரைக் கொண்டு ஒரு மென்பொருளைக் கட்டிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருந்தும், ஆயிரத்துக்கு மேற்பட்ட நிறுவனங்களின் விவரங்கள் இருந்த தரவுத்தளத்தை அது அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது. உண்மையில் மீட்க முடிந்தது. ரெப்ளிட்டின் தலைவர் வருத்தம் தெரிவித்ததோடு, சோதனைத் தளத்தையும் உண்மைத் தளத்தையும் பிரித்துவைக்கும் ஏற்பாட்டைச் செய்வதாகவும் அறிவித்தார். புதிதாக வந்த வேலையாளிடம் முதல் நாளே கல்லாப்பெட்டிச் சாவியை எந்த முதலாளியும் கொடுப்பதில்லை. படிக்க மட்டும் அனுமதி, எழுதவோ அழிக்கவோ அனுமதியில்லை என்னும் பூட்டு தரவுத்தளங்களில் பல்லாண்டுகளாகவே இருக்கிறது. அதைப் பூட்டி வைத்தாலே போதுமானது.

வாடிக்கையாளரின் பெயர், ஆதார் எண், தொலைபேசி எண் ஆகியவற்றை அப்படியே எடுத்து உதவியாளரின் திரையில் ஒட்டிக் கேள்வி கேட்பது வேறொரு தீய பழக்கம். 2023-இல் சாம்சங் நிறுவனத்தார், தம் ஊழியர்கள் உள்நிரல்களைச் சாட் ஜி.பி.டி.யில் இட்டதை அறிந்து அத்தகைய கருவிகளுக்கே தடை விதித்தனர். நம் நாட்டிலும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பாதுகாக்கத் தவறும் நிறுவனத்திற்கு ரூ. 250 கோடி வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு. அட்டவணையின் அமைப்பை மட்டும் சொல்லி, கற்பனைப் பெயர்களாகப் பத்து வரிசைகளைத் தந்தாலே உதவியாளரால் வேண்டியதை எழுதித் தர முடியும். உண்மைப் பெயர் அதற்குத் தேவையில்லை.

வேலை இருக்குமா?

இனி, பெற்றோரின் கேள்விக்கு வருவோம். எஸ்.க்யூ.எல். வரிகளை எழுத மட்டும் கற்றவர்க்கு முன்போல் இடம் இராது என்றே கருத வேண்டியுள்ளது. "எழுதித் தருவேன்" என்பதற்கு முன்னே கிடைத்த விலை இனிக் கிடைக்காது. மூன்று மாதத்தில் கருவிகளின் பெயர்களை மட்டும் ஒப்புவிக்கக் கற்றுத்தரும் நிலையங்களில் பணத்தைக் கொட்டுவதற்கு முன், இருமுறை யோசிக்க வேண்டும். ஆனால் எழுதியது சரிதானா என்று சொல்ல வல்லவரின் தேவை குறையவில்லை. கூடியிருக்கிறது என்பதே நம் கருத்து. ஏனெனில் எழுதப்படும் வரிகளின் அளவு பன்மடங்காகிவிட்டது.

வேகம் பற்றிய பேச்சையும் அளந்தே நம்ப வேண்டும். 2025 ஜூலையில் மெட்டர் என்னும் ஆய்வு அமைப்பு ஒரு சோதனையை வெளியிட்டது. தாம் பல்லாண்டுகளாக அறிந்த மென்பொருள்களில் 16 அனுபவசாலிகள் 246 பணிகளைச் செய்தனர்; சிலவற்றுக்குச் செயற்கை அறிவின் உதவி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. உதவியோடு 20 விழுக்காடு விரைவாக முடித்ததாக அவர்கள் எண்ணினர். கடிகாரமோ 19 விழுக்காடு கூடுதல் நேரம் ஆனதாகக் காட்டியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் இருந்த கருவிகளை வைத்து, ஒரு சிறு குழுவினரிடம் கண்ட முடிவு இது. எல்லார்க்கும் எக்காலத்திற்கும் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், வேகமாகப் போகிறோம் என்னும் உணர்வும் வேகமாகப் போவதும் ஒன்றல்ல என்பதைக் கடிகாரத்தை வைத்தே காட்டினார்கள்.

பொருள் அறிந்தவர்க்கே மதிப்பு என்றானபின், பி.காம். முடித்து வீட்டிலிருக்கும் நம் பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். பற்று வரவு, கழிவு, கடன், தேய்மானம் ஆகியவற்றை அறிந்த ஒருவருக்கு எஸ்.க்யூ.எல். கற்பது எளிது, எஸ்.க்யூ.எல். மட்டும் அறிந்தவர்க்குப் பற்று வரவு விளங்க நாளாகும். வரலாறும் பொருளியலும் படித்தவர்களும் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். மருந்துக்கடையில் வேலை செய்தவர் மருந்துக் கணக்கின் பொருளை அறிவார். டிராவல்ஸில் இருந்தவர் டிக்கெட் ரத்தின் நுணுக்கங்களை அறிவார். வீட்டிலிருந்தே செய்யத்தக்க பணிகளும் இத்துறையில் உண்டு.

பழகுவதற்குச் செலவும் அதிகமில்லை. எஸ்.க்யூ.லைட், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. குடும்பத்தில் கடை இருந்தால் ஒரு மாதப் பில்களைப் பிள்ளை தன் கையால் அட்டவணையாக ஏற்றட்டும். வாடிக்கையாளர் பெயர்களுக்குப் பதில் எண்களை இடட்டும். பின்னர் உதவியாளரிடம் அட்டவணைகளின் அமைப்பைச் சொல்லிக் கேள்விகளைக் கேட்கட்டும். விடை எழுதுமுன், ஒவ்வோர் அட்டவணையிலும் ஒரு வரிசை எதைக் குறிப்பதாக அது எண்ணுகிறது, எவற்றையெல்லாம் ஊகித்துக்கொண்டது என்று அதனிடமே கேட்டு வாங்கட்டும். இணைப்பதற்கு முன் எத்தனை வரிசை, இணைத்தபின் எத்தனை வரிசை என்று எண்ணிப் பார்க்கட்டும். ஐந்தாறு பில்களை மட்டும் எடுத்துத் தாளில் கையால் கூட்டட்டும். இறுதியில் வந்த மொத்தத்தை வாப்பாவின் பேரேட்டோடு வைத்துப் பார்க்கட்டும். பொருந்தவில்லையென்றால் எங்கே பிசகியது என்று தேடும்போது வாப்பாவும் பக்கத்தில் அமர்ந்துகொள்ளலாம். எந்தப் பில் எவருடையது, எந்தச் சரக்கு திரும்பி வந்தது என்பதெல்லாம் அவருக்குத்தானே தெரியும்.